கல்யாணம் முடிந்த கையோடு கடலுக்கு

கடற்கரை அக்கா பதில்கள்

போன இதழில், நானும் கணவரும் தேனிலவுக்கு ஸ்பெயினின் கனரித் தீவுகளில் ஒன்றான லன்சரோட்டே என்ற எரிமலைத் தீவுக்குப் போய் அங்கே சேர்ஃபிங் செய்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் கடிதம் வந்துவிட்டது. தைக் கல்யாணங்கள் நெருங்குகின்ற நேரம் வேறு. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதே கதைதான்.

*

"அக்கா, நான் கல்லடி. அவர் கோமாரி, உல்லையில் (அறுகம்குடா) சேர்ஃபிங் பழக்குகிறார். தையில் எங்களுக்குக் கல்யாணம். பாரிஸில் இருக்கிற மாமி இரண்டு பேருக்கும் லன்சரோட்டேக்கு டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்று நிற்கிறா. அவருக்கு அங்குள்ள லா சாந்தா அலைதான் கனவு, போன் நிறைய அந்த வீடியோதான். நான் போன சீசனில்தான் பேபி பொயின்ட்டில் பலகையில் எழும்பி நிற்கப் பழகினேன். அம்மா சுனாமியில் தன்ட தங்கச்சியைப் பறிகொடுத்தவ. 'கல்யாணம் முடிஞ்ச கையோட கடலுக்கா?' என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறா. போகலாமா?"
வாசகி, கல்லடி

போங்க தங்கச்சி, தாராளமாகப் போங்க. ஆனால் எந்தக் கடற்கரையில் இறங்குவது என்று முடிவெடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். சோடியாகக் கடலுக்குப் போகிறவர்களில் யாருக்கு அலை குறைவாகப் பழக்கமோ அவரே கரையைத் தெரிவு செய்யட்டும். உல்லைக்கு வருகிற சோடிகளிடம் நான் விடாமல் சொல்லுகிற விஷயம் இது. நன்றாகச் சேர்ஃப் செய்கிறவருக்குச் சின்ன அலையிலும் சந்தோஷம் இருக்கும். பழகுகிறவருக்குப் பெரிய அலையில் பயம் மட்டும்தான் மிஞ்சும். தேனிலவு முழுக்க ஒருவர் தண்ணீரிலும் மற்றவர் துவாயோடு கரையிலும் இருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். உங்களுக்கு அப்படி நடக்கக்கூடாது.

உங்கள் அவர் தண்ணீரில் வளர்ந்தவர்தான். என்றாலும் எரிமலைத் தீவின் அலை நம்முடைய அலையைப் போல இராது, அதை அவரும் உட்கார்ந்து கேட்கட்டும். அந்தத் தீவுகள் ஆழ்கடலின் அடியிலிருந்து நேரே மேலே எழும்பியவை. கரைக்கு முன்னால் அகலமான ஆழம் குறைந்த கடல் இல்லை. அதனால் வட அத்திலாந்திக்கில் புயல் கிளப்பிவிட்ட அலை, அடித்தரையில் உரசிக் களைக்காமல் முழுப் பலத்தோடு வந்து சேரும். வந்து மோதுகிற இடமும் மணல் அல்ல. எரிமலைக் குழம்பு கடலுக்குள் ஓடி உறைந்து போன கறுத்த பாறைத் தட்டு. ஆழத் தண்ணீரிலிருந்து சட்டென்று ஆழமில்லாத தட்டில் ஏறும்போது அலை குழாயாகச் சுருண்டு விழும். வீடியோவில் அவர் பார்க்கிற அழகு அதுதான். அந்த அழகுக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரும் கத்தி முனைப் பாறையும் இருக்கிறது.

லா சாந்தா ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கே மொரோ நெக்ரோ என்ற வலது அலையும், எல் கெமாவோ என்ற இடது அலையும் பெயர் போனவை. பலகையில் நிற்கிறவர் தன் வலது பக்கமாக ஓடுவது வலது அலை, இடது பக்கமாக ஓடுவது இடது அலை. உல்லையில் நம்முடைய பொயின்ட், அதாவது அலை உடைகிற முனை, எல்லாமே வலது அலை என்பது அவருக்குத் தெரியும். மெயின் பொயின்ட்டில் வருஷக்கணக்காக வலது அலையில் ஓடிய கால்களுக்கு மொரோ நெக்ரோ சின்ன நாளொன்றில் சரி வரலாம். எல் கெமாவோ வேண்டாம். அது தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் அலை. நாங்கள் போனபோது என் கணவர் அதன் முன்னால் கறுத்த கல்லில் என்னோடு உட்கார்ந்து ஒரு காலை முழுக்கப் பார்த்தார். உள்ளூர்ப் பெடியன்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வர வர என் கையை இறுக்கிப் பிடித்தார். இறங்கவில்லை. அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இப்போதும் அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

உங்களுக்கான இடம் ஃபமாரா. தீவின் வடமேற்கில், அறுநூறு மீட்டர் உயரச் செங்குத்து மலைச்சுவருக்குக் கீழே, கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் நீளக் கடற்கரை. அடியில் மணல். எரிமலைத் தீவில் மணல் அடி கிடைப்பது பெரிய கொடை. பக்கத்தில் கலேட்டா டி ஃபமாரா என்ற சின்ன ஊர், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த தாழ்ந்த வீடுகள், தெருவிலும் மணல்தான். அங்கே சேர்ஃபிங் பழக்குகிற இடங்கள் நிறைய உண்டு. பலகையும், குளிர் தாங்கும் இறப்பர் உடுப்பான வெட்சூட்டும் வாடகைக்குத் தருவார்கள். நுரை அலையில் நீங்கள் ஆசை தீர எழும்பலாம். கொஞ்சம் வெளியே போனால் அவருக்கும் நல்ல அலை உண்டு. இரண்டு பேரும் ஒரே தண்ணீரில் நிற்கலாம், ஒருவர் எழும்புவதை மற்றவர் பார்க்கலாம். கல்யாணம் முடித்துப் போகிற பயணத்தில் இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது சொல்லுங்க?

ஃபமாராவிலும் கவனம் வேண்டும். அலை கூடிய நாட்களில் கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும். சிவப்புக் கொடி கட்டியிருந்தால் முழங்காலளவு கூட இறங்காதீங்க. முதல் இரண்டு நாள் காலையிலும் அங்குள்ள பழக்குநரோடு இறங்குங்க, உங்கள் அவரும் சேர்ந்து. அவர் இங்கே பழக்குநராக இருந்தாலும் அந்தக் கடலுக்கு அவர் புதியவர்தானே.

காலம் உங்களுக்கு நன்றாக வாய்த்திருக்கிறது. லன்சரோட்டேயில் அலை வரும் காலம் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை. நம்முடைய கடல் வாடையில் கலங்கி, உல்லையில் கடைகள் பூட்டிக் கிடக்கிற அதே மாதங்கள். உங்கள் அவருக்குத் தொழில் கெடாது. ஆனால் குளிரும். தண்ணீர் 18, 19 பாகைதான், நம்முடையது 28. உடம்பு முழுக்க மூடும் வெட்சூட் இல்லாமல் இறங்க ஏலாது. கடலுக்குள் கை விறைத்துப் போகும் என்று எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லித் தரவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

எல்லா நாளும் கடலுக்குப் போகாதீங்க. 1730 செப்டெம்பரில் அந்தத் தீவில் பூமி பிளந்து 1736 வரை எரிந்தது. தீவின் கால்வாசி நிலத்தைக் குழம்பு மூடியது. ஊர்கள் புதைந்தன, சனங்கள் வெளிக்கிட்டுப் போனார்கள். யாய்சா என்ற ஊரின் பாதிரியார் அதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்திருக்கிறார். அந்த இடம்தான் இன்று திமன்ஃபாயா தேசியப் பூங்கா. உள்ளே நினைத்தபடி நடக்க விட மாட்டார்கள், பஸ்ஸில்தான் கூட்டிப் போவார்கள். இன்னும் நிலத்துக்குக் கீழே சூடு இருக்கிறது. காய்ந்த பற்றையைக் குழிக்குள் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். குழாய்க்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் ஆவியாகச் சீறிக்கொண்டு மேலே அடிக்கும். அங்கேயே ஒரு சாப்பாட்டுக்கடை, பூமியின் சூட்டிலேயே இறைச்சி சுடுகிறார்கள்.

ஆனால் எனக்கு நெஞ்சில் நின்றது லா ஹேரியா என்ற திராட்சைத் தோட்டப் பகுதிதான். மழை குறைவான தீவு. எரிமலைச் சாம்பல் மூடிய நிலத்தில் ஆளுயரக் குழி தோண்டி, ஒரு குழிக்கு ஒரு திராட்சைக் கொடி என்று வைத்திருக்கிறார்கள். காற்று வரும் பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்கியிருக்கிறார்கள். கறுத்த சாம்பல்கல் இரவுப் பனியை வாங்கி, பகலில் ஈரம் போகாமல் காக்கிறது. எங்கள் அப்பா தம்பிலுவில் மணலில் தென்னம்பிள்ளை வைத்துக் குடத்தில் தண்ணீர் சுமந்தவர். அவரை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று எனக்கு அழுகை வந்தது. தீ வந்து எல்லாவற்றையும் மூடிய பிறகு, அந்தச் சாம்பலையே வைத்துப் பயிர் செய்திருக்கிறார்கள் அந்த மனிதர்கள். சேர்ஃப் செய்யாவிட்டாலும் அதைப் பார்க்கவே போகலாம்.

சேசர் மன்ரிக்கே என்ற கலைஞர் (1919–1992) அந்தத் தீவின் பிள்ளை. உயர்ந்த கட்டடமும் விளம்பரப் பலகையும் தீவைக் கெடுக்கக்கூடாது என்று போராடியவர். எரிமலைக் குழம்புக்குள் காற்றுக் குமிழிகளாக உண்டான ஐந்து குகைகளை இணைத்து அவர் கட்டிய வீடு தாஹிச்சேயில் இருக்கிறது. போய்ப் பாருங்க. உல்லையில் கடற்கரை ஓரம் என்னென்ன எழும்புகிறது என்று நினைத்துக்கொண்டு நான் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தேன்.

கடதாசி வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கனரித் தீவுகள் ஸ்பெயினுக்குச் சொந்தமானவை, ஷெங்கன் விசா அங்கே செல்லும். அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதி கேட்பார்கள். வாங்கும்போது சேர்ஃபிங்கில் வரும் காயத்துக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க, பல காப்புறுதிகளில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கார் வாடகைக்கு எடுத்தால் அலை பார்த்துக் கரை மாறலாம். இங்கிருந்தே சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஒட்டோமொபைல் அசோசியேஷனில் எடுத்துக்கொண்டு போங்க. அங்கே வாகனம் வலது பக்கம் ஓடும். பலகையை இங்கிருந்து சுமக்காதீங்க, விமானக் கட்டணத்துக்கு அங்கே வாடகை எடுத்துவிடலாம்.

இனி அம்மா. அந்தப் பயத்தோடு வாதாடாதீங்க தங்கச்சி. 2004 டிசம்பர் 26 கல்லடியிலும் நாவலடியிலும் என்ன செய்தது என்று அம்மாவுக்குத் தெரியும், அதை யாரும் கதைத்து மாற்ற ஏலாது. திருக்கோவில் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் அந்த வெறுமை இருக்கிறது. என் அம்மா இரண்டு வருஷம் கடற்கரைப் பக்கம் முகம் திருப்பவில்லை. நான் தண்ணீரில் இறங்கியபோது அவ கதறியது எனக்கு இன்னும் கேட்கிறது. அம்மாவை உல்லைக்கு ஒரு விடியற்காலை கூட்டி வாங்க, சித்திரை, வைகாசியில், கடல் தெளிந்த பிறகு. பேபி பொயின்ட்டில் நீங்கள் பழகுவதைப் பார்க்கட்டும். பலகையோடு காலைப் பிணைக்கும் கயிறு எது, அலை எங்கே உடைகிறது, எந்த இடத்தில் தண்ணீர் வெளியே இழுக்கிறது என்று நீங்களே அவவுக்குக் காட்டுங்க. கடலைப் பற்றிப் பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று கண்டால் தாய் மனம் கொஞ்சம் இளகும். தைக்கு முன்னால் அது நடக்காதுதான், அதனால் இப்போதைக்கு லன்சரோட்டேயில் ஒவ்வொரு நாளும் தண்ணீரை விட்டு ஏறிய உடனே முதல் அழைப்பு அம்மாவுக்கு எடுங்க. உடுப்பு மாற்றுவதற்கு முன்னாலேயே எடுங்க.

*

"கல்யாணம் ஆனியில். ரியூனியன் தீவுக்குப் போக நினைக்கிறேன். எரிமலை இருக்கிறது, அலை இருக்கிறது, தமிழ் ஆட்களும் இருக்கிறார்களாம். நல்ல தெரிவுதானே அக்கா?"
வாசகர், அக்கரைப்பற்று

தம்பி, இந்து சமுத்திரத்தில் இருக்கிற அந்தப் பிரெஞ்சுத் தீவுக்குப் போங்க, ஆனால் சேர்ஃபிங்குக்காகப் போகாதீங்க.

அலை இருப்பது உண்மை. செயின்ட் லூ என்ற இடத்து இடது அலை ஒரு காலத்தில் உலகமே வந்து ஓடிய அலை. 2024 ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்காக வெண்கலம் வென்ற ஜோஆன் டெஃபே அந்தத் தீவில் வளர்ந்த பிள்ளை. ஆனால் 2011 தொடக்கம் அங்கே சுறாத் தாக்குதல்கள் அடுத்தடுத்து நடந்து பல உயிர் போனது. காளைச் சுறாவும் புலிச் சுறாவும்தான். 2013 ஜூலையில், பவளப்பாறைக்கு உட்பட்ட களப்பும் காவல் போட்ட இடங்களும் தவிர மற்றக் கரைகளில் நீந்துவதற்கும் சேர்ஃபிங்குக்கும் அரசு தடை போட்டது. வலை கட்டினார்கள், சுழியோடிகளைக் காவலுக்கு விட்டார்கள், அனுமதித்த இடத்தில் அனுமதித்த நேரத்தில் மட்டும் சேர்ஃப் செய்கிறார்கள். புதிதாகப் போகிற ஒருவர் கல்யாணம் முடித்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்குவதை நான் ஒருநாளும் ஆமோதிக்க மாட்டேன். மழைக்குப் பிறகு கலங்கிய தண்ணீரிலும் ஆற்று முகத்திலும் ஆபத்து இன்னும் கூட.

சேர்ஃபிங்கை விட்டால் அது தேனிலவுக்கு எவ்வளவு வடிவான தீவு! பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் உலகத்தில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று, 2,632 மீட்டர். பக்கத்தில் அவிந்துபோன பிட்டோன் டி நேஜ் மூவாயிரம் மீட்டருக்கு மேல். மஃபாத் என்ற பள்ளத்தாக்குக்கு இன்றும் ரோட்டு இல்லை, நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகொப்டர். லெர்மிட்டாஜ் களப்பில் பவளப்பாறைக்கு உள்ளே பயமில்லாமல் நீந்தலாம், நம்முடைய பாசிக்குடா மாதிரி.

தமிழ் ஆட்கள் என்று நீங்கள் கேட்டது மெய்தான். 1848ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால், சென்னைப் பக்கமிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள். வீட்டில் பேசுவது கிரியோல், ஆனால் குடும்பப் பெயரில் தமிழ் நிற்கிறது. தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள், செயின்ட் அந்த்ரேயில் தீபாவளி ஊர்த் திருவிழா. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீப்பள்ளயத்தைக் கண்டவர் நீங்கள், அங்கே போய்த் தீமிதிப்பைப் பார்த்தால் நெஞ்சு கனத்துவிடும். மொழி கைவிட்டுப் போன பிறகும் நேர்த்தியை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம், ஷெங்கன் விசா ரியூனியனுக்குச் செல்லாது. பிரான்ஸின் மண்தான், ஆனால் அதற்கென்று தனியாக விசா எடுக்க வேண்டும்.

*

"மகள், என் மருமகள் தாலிக்கொடியோடு கடலில் இறங்கலாமா? கழற்றுவது எனக்கு மனதுக்குச் சரியில்லை. ஒன்பது பவுண் கொடி வேறு."
தாய், களுவாஞ்சிகுடி

அம்மா, கேட்டது நல்லது. மருமகள் இதைத் தானாக உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டிருப்பா.

கொடியோடு இறங்க வேண்டாம். பொன் போகும் என்பது ஒரு பக்கம். கழுத்தில் கனத்த சங்கிலி கிடக்க, அலை ஆளைப் புரட்டும்போது அது கயிற்றிலோ பலகையின் துடுப்பிலோ சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. வெட்சூட்டுக்குள் அமுங்கினாலும் தோலைக் கிழிக்கும். பலகையில் நெஞ்சு வைத்துப் படுத்துத்தான் கையால் வலிக்க வேண்டும். அந்த இடத்தில் தாலி குத்திக்கொண்டே இருக்கும்.

எனக்கு என் மாமி சொல்லித் தந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். கொடியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு மெல்லிய மஞ்சள் கயிற்றில் சின்ன மஞ்சள் துண்டைக் கட்டி அவவே என் கழுத்தில் போட்டு விட்டா. இழுபட்டால் அறுந்துபோகிற மாதிரி மெல்லிய கயிறு. "நான் கட்டிவிட்டது, நீ எங்க போனாலும் இது போதும்" என்றா. அன்றைக்கு அவவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுததை மறக்க மாட்டேன். நீங்களே உங்கள் கையால் கட்டி விடுங்க அம்மா. மருமகளுக்கு அது ஒன்பது பவுணை விடப் பெரிசு.

மோதிரமும் அப்படித்தான். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் வழுவும். பயணத்துக்குக் கழற்றி வைக்கச் சொல்லுங்க.

*

"அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. நான் முழுக்க மூடி, தலையும் மறைத்துத்தான் தண்ணீரில் இறங்குவேன். வெளிநாட்டில் ஒரு மாதிரிப் பார்ப்பார்களா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?"
வாசகி, பொத்துவில்

வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. ஃபமாராவில் தண்ணீரில் நிற்கிற எல்லோரும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடித்தான் நிற்பார்கள். குளிர் அப்படி. தலையையும் மூடும் வெட்சூட் தொப்பி கடைகளில் விற்பனைக்கு உண்டு, குளிருக்காகப் போடுகிறவர்கள் போடுவார்கள். உங்களுக்கு உல்லையை விட அங்கே லேசாக இருக்கும். வெட்சூட் உடம்போடு ஒட்டும் என்பதால், மேலே தளர்ந்த நீண்ட கை சேர்ட் ஒன்று போடலாம், சீக்கிரம் காய்கிற துணியாக எடுங்க. பருத்தி வேண்டாம், தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். தலைத்துணியில் ஊசி குத்தாதீங்க, தலையோடு இறுகப் போடுகிற நீச்சல் துணி வாங்குங்க.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க. தீவு முழுக்க மீன். சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு உப்புத் தண்ணீரில் தோல் சுருங்கும் வரை அவித்து, மிளகாயும் உள்ளியும் சீரகமும் அரைத்த மோஹோ என்ற சிவப்புச் சம்பலோடு தருவார்கள். நான் மூன்று நேரமும் அதையே கேட்டு வாங்கினேன். கோஃபியோ என்று வறுத்த தானிய மா உண்டு, விடியக் கரைத்துக் குடித்துவிட்டுக் கடலுக்குப் போகலாம். இறைச்சிக்கு ஹலால் கடை விசாரித்து வாங்க வேண்டும். அறையில் அடுப்பு இருக்கிற வீடாகப் பார்த்து எடுத்தால் நீங்களே சமைக்கலாம், காசும் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018ல் அறுகம்குடாவில் பெண்களுக்கென்று சேர்ஃபிங் கழகம் தொடங்கிய பிறகுதான் நம் பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவது ஊருக்கு ஓரளவு பழகியது. உங்களைப் போல மூடிக்கொண்டு இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்து எனக்கு உள்ளம் நிறைகிறது. வாங்க, சேர்ந்து இறங்குவோம்.

*

"எரிமலைப் பாறையில் வெட்டினால் என்ன செய்வது? கடல் முள்ளெலி குத்தினால்?"
தம்பி, திருக்கோவில்

வெட்டுக் காயத்தை நல்ல தண்ணீரால் நிறையக் கழுவுங்க. பாறைத் தூள் உள்ளே இருந்தால் வலித்தாலும் தேய்த்து எடுக்க வேண்டும், விட்டால் சீழ் பிடிக்கும். பிறகு கிருமிநாசினி. காயம் ஆறும் வரை கடல் வேண்டாம். சிவந்து சூடாகப் பரவினால் வைத்தியரிடம் போங்க. ஏற்பு ஊசியைப் புறப்படுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்க.

முள்ளெலி பாறைப் பொந்துகளில் இருக்கும், கால் ஊன்றினால் குத்தும். தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் காலை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். வெளியே தெரியும் முள்ளைச் சாமணத்தால் எடுங்க, ஆழமாகப் போனதைத் தோண்டாதீங்க, அதை வைத்தியர் பார்க்கட்டும். பாறைக் கடலுக்கு இறப்பர்ச் சப்பாத்து போடாமல் போகவே வேண்டாம். விழும்போது தலையால் பாயாமல், பின்பக்கமாகத் தட்டையாக விழப் பழகுங்க, கையால் தலையை மூடிக்கொண்டு.

*

"அக்கா, பாரிஸில் மாமி இல்லாத எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? தையில்தான் எங்களுக்கும் கல்யாணம்."
வாசகர், வாழைச்சேனை

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு வருத்தமாக இருந்தது. லன்சரோட்டே கதை எழுதும்போது இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், அதனால்தான் கடைசிவரை இதற்கு இடம் வைத்தேன்.

தையில் நம் கரையில் சேர்ஃபிங் செய்ய ஏலாது, வாடைக் கடல். அதே மாதங்களில் தெற்கே கடல் நன்றாக இருக்கும். வெலிகமக் குடாவில் மணல் அடி, மெதுவான அலை, புதிதாகப் பழகுகிறவருக்கு அதைவிட நல்ல இடம் இந்த நாட்டில் இல்லை. கல்யாணம் முடிந்து அங்கே நாலு நாள் தங்குங்க. பலகை வாடகைக்கு எடுத்து இரண்டு பேரும் ஒன்றாகப் பழகுங்க. ஒருவர் முந்தி மற்றவர் பிந்தி என்று இல்லாமல் ஒன்றாகப் பழகத் தொடங்குவதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது.

பிறகு வைகாசியில் எங்கள் பக்கம் வாங்க. உல்லையில் சீசன் தொடங்கியிருக்கும், காலையில் கரையிலிருந்து காற்று அடித்து அலையைத் துடைத்து வைத்திருக்கும். பேபி பொயின்ட்டில் தொடங்குங்க, பிறகு பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்ட். கை பழகினால் பாணமை தாண்டி உகந்தை வரை போகலாம். உகந்தை முருகன் கோயிலுக்குப் பக்கத்துக் கடலில் பெரிய பாறைகள் நிற்கின்றன. எரிமலைப் பாறை இல்லை. ஆனால் லன்சரோட்டேயின் கறுத்த கல்லுக்கு முந்நூறு வயதுகூட ஆகாத இடங்கள் உண்டு. நம் பாறை ஐம்பது கோடி வருஷத்துக்கு மேல் பழையது. முரட்டுக் கரை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுகிற இடம் அதுதான். கோயிலில் கும்பிட்டுவிட்டு, கடலில் இறங்கிவிட்டு, குமண தேசியப் பூங்கா எல்லையில் பறவை பார்த்துவிட்டு வரலாம். உகந்தை அலை பழகியவருக்கு மட்டும், அங்கே உயிர்காப்பாளர் கிடையாது, கிட்டத்தில் ஆசுப்பத்திரியும் கிடையாது. இறங்குகிறீர்கள் என்றால் உல்லையிலிருந்து ஒரு பழக்குநரைக் கூட்டிப் போங்க.

தண்ணீரும் சாப்பாடும் பாணமையிலேயே வாங்கிக்கொள்ளுங்க. திரும்பும்போது பொழுது சாய்வதற்கு முன் பாணமையைத் தாண்டிவிடுங்க. மோட்டார் சைக்கிளில் இரவு வராதீங்க, அந்த ரோட்டில் யானை நிற்கும்.